கீழ்ப்படிதலுக்குக் கீழே

பேரணாம்பட்டு, மூன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவு.
கரும்பலகைக்கு மேலே நீலப் பெயிண்டில்
'கீழ்ப்படிதல் நற்பண்பு.'
அதற்கு நேர் கீழே நின்றுகொண்டு
'வேணாம்னு சொல்லிப் பழகுங்க, சத்தமா' என்கிறேன்.
நாற்பத்தியொரு பிள்ளைகளும்
ஒரே குரலில் கீழ்ப்படிகிறார்கள்:
வே… ணாம்.

இது வேலைக்கு ஆகாது என்று
சாக்பீஸை எடுத்தேன்.
தலை, கை, கால், ஒரு சட்டை, ஒரு டிரவுசர்.
ஆணா பெண்ணா என்று சண்டை.
இரண்டும்தான் என்றேன்.
பப்ளு என்று பேர் வைத்தான் இர்ஃபான்.
பப்ளுவோட உடம்பு யாருது?
'கவர்மெண்டுது' என்றது கடைசி வரிசை,
'சட்டையே அவங்க குடுத்ததுதானே டீச்சர்.'

சிரித்து முடிப்பதற்குள் கேள்விகள்.
பயிற்சியில் தந்த கையேட்டில்
பதினாறாம் பக்கத்தோடு பதில்கள் தீர்ந்துவிடும்.
குளிப்பாட்டிவிடுற அம்மா?
வேலூர் ஆஸ்பத்திரியில ஊசி போடுற சிஸ்டர்?
பேன் பாக்குற அக்கா?
ஷேர் ஆட்டோவில இடமில்லைன்னு
மடியில உக்கார வெச்சுக்கிற ஆளு?

கடைசியைக் கேட்டது மோகனவல்லி.
'எனக்கில்ல. சும்மா கேட்டேன்' என்றாள்.
சும்மா என்ற சொல்லை
அவ்வளவு கவனமாக யாரும் கீழே வைத்து
நான் பார்த்ததில்லை.
அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போனேன்.
அங்கே பேசியதை இங்கே எழுத மாட்டேன்,
அது அவளுடையது.

ரகசியத்துக்கு வந்தோம்.
தங்கச்சி பிறந்தநாள் கேக்கை
ஃப்ரிட்ஜில் ஒளித்துவைப்பது ஒன்று.
வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு
சோறு இறங்க விடாதது இன்னொன்று.
அதைக் காப்பாற்ற வேண்டியதில்லை,
சத்தியமே பண்ணியிருந்தாலும்.
'சாமி மேலயா?'
சாமி கோவிச்சுக்காது.
'அல்லா மேல?'
அல்லாவும் கோவிச்சுக்க மாட்டார்.

காற்று திரும்பி
தோல் ஷெட்டின் வாடை ஜன்னல் வழியே வந்தது.
இர்ஃபான் எழுந்தான்.
'டீச்சர், நேத்து நீங்க
என் தொடையில கிள்ளினீங்களே,
அது இன்னாத்துல வரும்?'

ஏழெட்டு ஐம்பத்தாறு வராததற்காக.
எனக்கு மறந்தேபோயிருந்தது.
பத்தொன்பது வருஷ சர்வீஸ்;
எத்தனை தொடை, எத்தனை காது.
'உன் நல்லதுக்குத்தான்டா' என்று
நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
எந்தப் பூட்டுக்கும் சேர்கிற சாவி அது.
அதைத்தானே அந்த ஆளும் சொல்வான்,
யாரென்று தெரியாத, எல்லா ஊரிலும் இருக்கிற அந்த ஆள்.

'கூடாதுல வரும்' என்றேன்.
'அப்ப சொல்லட்டா?'
சொல்லு.
கோரஸ் இல்லாமல், கையைக் கட்டிக்கொள்ளாமல்,
மூக்கை ஒருதரம் உறிஞ்சிக்கொண்டு
'வேணாம் டீச்சர்' என்றான்.

மன்னிச்சுக்கோ என்றேன்.
யோசித்தான். உடனே மன்னிக்கவில்லை.
அப்படி ஒரு பக்கமும் கையேட்டில் இல்லை.

நோட்டில் கையை வைத்து
விரல்களைச் சுற்றிக் கோடு போடச் சொன்னேன்.
பயமாயிருந்தால் போய்ச் சொல்ல
விரலுக்கு ஒரு பேர்.
இர்ஃபானின் நோட்டில்:
அம்மி. அண்ணன். சத்துணவு கோமதி அக்கா.
ஆள்காட்டி விரலில்
மசூதித் தெரு பால்கடைக்காரர்.
கட்டைவிரல் காலி.
நான் பார்ப்பதைப் பார்த்து
கையால் மறைத்துக்கொண்டான்.

மணி அடித்தது. அடுத்தது கணக்கு.
டஸ்டரைப் பலகையில் வைத்தேன்.
'கேட்டுட்டு அழிங்க டீச்சர்'
என்றது மோகனவல்லியின் குரல்.

கேட்டேன்.
வேணாம் என்றார்கள்,
ஆளுக்கொரு நேரத்தில், ஆளுக்கொரு சத்தத்தில்.

பப்ளுவின் காலடியில் மிச்சமிருந்த
ஒரு சாண் இடத்தில்
ஏழாம் வாய்ப்பாட்டைப் பொடி எழுத்தில் எழுதினேன்.
எட்டாவது வரி
முழங்காலில் இடித்தது.
சுற்றிக்கொண்டு போனேன்.